கியர்பாக்ஸ் ஆயில் டெம்பரேச்சர் சென்சார்: குளிரில் ஒரு முறை, சூட்டில் ஒரு முறை

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயில் டெம்பரேச்சர் சென்சாருக்குக் கோடு (மாட்யூல் பதிவு செய்யும் பழுதுக் குறியீடு) வந்தால், பலரும் முதலில் செய்வது சென்சாரை மாற்றுவதுதான். எஞ்சின் கூலன்ட் சென்சாராக இருந்தால் அதில் பெரிய நஷ்டம் இல்லை. கியர்பாக்ஸில் அப்படி இல்லை. பெரும்பாலான வண்டிகளில் அந்தச் சென்சார் ஆயில் பேனுக்குள் (கியர்பாக்ஸின் அடித்தட்டு), ஆயில் பாதைகளைத் திறந்து மூடும் வால்வ் பாடியை ஒட்டி உட்கார்ந்திருக்கும். சிலவற்றில் அது தனியாகக் கிடைக்கவே கிடைக்காது. ஜெனரல் மோட்டார்ஸின் 4எல்60-இ கியர்பாக்ஸில் பிரஷர் ஸ்விட்ச் மேனிஃபோல்டோடு சேர்ந்தே வரும். ஆயிலை வடித்து, பேனைக் கழற்றி, புது கேஸ்கெட் போட்டு, புது ஆயில் ஊற்றி, அதன் பிறகும் அதே கோடு வந்தால் அத்தனை வேலையும் பாழ். பேனில் கை வைக்கும் முன், வெளியே இருக்கும் கப்ளரில் (வயரிங் இணைப்பு) வைத்தே பழுது எந்தப் பக்கம் என்று சொல்லிவிட முடியும். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

சர்க்யூட் மிக எளிமையானது. கியர்பாக்ஸ் கன்ட்ரோல் மாட்யூலுக்குள் 5 வோல்ட் சப்ளை ஒரு நிலையான ரெசிஸ்டர் வழியாக வெளியே வருகிறது. அதுதான் சிக்னல் வயர். அது சென்சாருக்குப் போய், சென்சார் வழியாக இன்னொரு வயரில் மாட்யூலின் சென்சார் எர்த்துக்குத் திரும்புகிறது. மாட்யூல் பார்ப்பது சிக்னல் வயரின் வோல்டேஜை மட்டும். சென்சார் பொதுவாக என்டிசி வகை தெர்மிஸ்டர்: சூடு ஏறினால் ரெசிஸ்டன்ஸ் இறங்கும். பரவலாகப் புழங்கும் ஒரு வகையின் அளவுகள் இவை: 0 டிகிரி செல்சியஸில் 9,420 ஓம், 25 டிகிரியில் 2,796 ஓம், 40 டிகிரியில் 1,459 ஓம், 80 டிகிரியில் 332 ஓம், 100 டிகிரியில் 177 ஓம். உங்கள் வண்டியின் அட்டவணை வேறாக இருக்கலாம், அதை சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். ஆனால் வளைவின் வடிவம் எல்லா என்டிசிக்கும் ஒன்றுதான். குளிரில் ஆயிரக்கணக்கில் ஓம், சூட்டில் சில நூறு ஓம். கீழே வரும் எல்லாக் கணக்கும் இதை நம்பித்தான்.

மாட்யூலுக்குள் இருக்கும் ரெசிஸ்டர் 2,200 ஓம் என்று வைத்துக்கொண்டால், 25 டிகிரியில் சிக்னல் வயரில் ஏறக்குறைய 2.8 வோல்ட் இருக்கும். 100 டிகிரியில் 0.37 வோல்ட். சென்சார் வயர் அறுந்துவிட்டால் முழு 5 வோல்ட், ஸ்கேனரில் (கோடும் ரீடிங்கும் காட்டும் கருவி) -40 டிகிரி. சிக்னல் எர்த்தில் தொட்டுவிட்டால் 0 வோல்ட், ஸ்கேனரில் 150 டிகிரிக்கு அருகில் அல்லது அதற்கும் மேலே. கோடுகளும் இந்தக் கணக்கின்படிதான்: பி0712 என்றால் வோல்டேஜ் மிகக் குறைவு, பி0713 என்றால் மிக அதிகம், பி0714 என்றால் விட்டுவிட்டு வரும் பழுது, பி0710 பொதுவான சர்க்யூட் பழுது. லாரி, பஸ்களில் ஜே1939 என்ற கனரக வண்டித் தகவல் முறைப்படி எஸ்பிஎன் 177 (எந்த அளவு என்று சொல்லும் எண்) என்று வரும். அதோடு எஃப்எம்ஐ (பழுதின் வகையைச் சொல்லும் எண்) 3 வந்தால் வோல்டேஜ் அதிகம், 4 வந்தால் குறைவு.

இவற்றில் பி0712, பி0713 இரண்டும் நேரடியானவை. ஆளைச் சுற்றவிடுவது பி0711. வோல்டேஜ் வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனால் ரீடிங் நம்பும்படி இல்லை என்று மாட்யூல் சொல்கிறது. வண்டி இவ்வளவு நேரம் ஓடியும் ஆயில் சூடாகவில்லை, அல்லது ரீடிங் இருக்கக்கூடாத வேகத்தில் மாறுகிறது. வண்டி ஓட்டுபவருக்குத் தெரிவது வேறு விதமாக இருக்கும். டார்க் கன்வர்ட்டர் லாக்கப் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நழுவாமல் பூட்டும் கிளட்ச்) விழாது, நெடுஞ்சாலையில் ஆர்பிஎம் இறங்காது, கியர் தாமதமாகவோ உதைத்தோ விழும், சில நேரம் லிம்ப் மோடுக்கு (பாதுகாப்புக்காகக் கியர்களைக் கட்டுப்படுத்தும் நிலை) போய்விடும். ஆயில் குளிராக இருக்கிறது என்று மாட்யூல் நினைக்கும்வரை லாக்கப்பை அனுமதிக்காது. அதனால்தான் வெறும் சென்சார் பழுது கிளட்ச் பழுது போலத் தோன்றுகிறது.

சோதனைக்கு முன் ஒரு எச்சரிக்கை. கோடு பதிவானதும் பல மாட்யூல்கள் சென்சாரை நம்புவதை நிறுத்திவிட்டு, ஒரு நிலையான எண்ணையோ கூலன்ட் டெம்பரேச்சரையோ எடுத்துக்கொள்ளும். சில ஸ்கேனர்களில் அந்த மாற்று எண்தான் லைவ் டேட்டாவில் தெரியும். சென்சாரைப் பிடுங்கினாலும் ரீடிங் மாறவில்லையே என்று குழம்ப வைப்பது இதுதான். ஃப்ரீஸ் ஃபிரேமை (கோடு விழுந்த கணத்தில் பதிவான ரீடிங்குகள்) குறித்துக்கொண்டு, கோடை அழித்துவிட்டுத் தொடங்குங்கள். சென்சார் வோல்டேஜ் தனி வரியாகக் கிடைத்தால் டிகிரியை விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

முதல் சோதனைக்கு ஸ்கேனரைத் தவிர வேறு கருவி எதுவும் தேவையில்லை, பொறுமை மட்டும் போதும். இரவு முழுக்க, குறைந்தது 8 மணி நேரம், வண்டி நிற்கட்டும். காலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து மூன்று எண்களை ஒப்பிடுங்கள்: கியர்பாக்ஸ் ஆயில், எஞ்சின் கூலன்ட், உள்ளே போகும் காற்று. மூன்றும் 3 முதல் 5 டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். கூலன்டும் காற்றும் 24, 25 என்று நிற்க, கியர்பாக்ஸ் மட்டும் 45 காட்டினால் பழுது கையில் கிடைத்துவிட்டது.

மூன்றும் ஒத்துப்போனால் சென்சார் சர்க்யூட் சரி என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு, இந்தப் பதிவை எழுதுவதே அந்தத் தவறுக்காகத்தான்.

கணக்கைப் பாருங்கள். கப்ளரின் ஒரு பின்னில் களிம்பு ஏறி 100 ஓம் கூடுதலாகச் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரியில் சென்சார் 2,796 ஓம். மாட்யூலுக்குத் தெரிவது 2,896. இது ஒரு டிகிரி வித்தியாசம்கூட இல்லை. அதே சர்க்யூட் 100 டிகிரி ஆயிலில்: 177 ஓமோடு 100 சேர்ந்து 277 ஓம். மாட்யூல் அதை 86 டிகிரி என்று படிக்கும். காலைச் சோதனையில் மாசு மருவில்லாமல் தேறிய அதே வயரிங், சூட்டில் 14 டிகிரி பொய் சொல்கிறது.

இதற்கு நேர் எதிரானது மின் கசிவு. கப்ளருக்குள் தண்ணீரும் அழுக்கும் புகுந்தோ, உரசி இன்சுலேஷன் போன வயர் ஈரத்தில் எர்த்தைத் தொட்டோ, சென்சாருக்கு இணையாக 2,000 ஓம் பாதை ஒன்று உருவாகிவிட்டது என்று வையுங்கள். 25 டிகிரியில் மாட்யூலுக்குத் தெரிவது 1,166 ஓம், அதாவது 45 டிகிரி. சூட்டில் 177 ஓம் 163 ஆகும், ரீடிங் 103 டிகிரி. இங்கே காலையில் 20 டிகிரி தவறு, வேலை செய்யும் சூட்டில் 3 டிகிரிதான்.

ஆகவே, குளிரில் சரியாக இருந்து சூட்டில் குறைத்துக் காட்டினால் வரிசையில் ரெசிஸ்டன்ஸ் சேர்ந்திருக்கிறது: பின், கிரிம்ப் (வயரைப் பின்னோடு நசுக்கிப் பிடித்த இடம்), எர்த் வயர். குளிரில் கூட்டிக் காட்டி, சூடு ஏற ஏற உண்மைக்கு அருகே வந்தால் கசிவு: தண்ணீர், உரசல், கப்ளர் சீல். இரண்டு இடத்திலும் ஒழுங்கில்லாமல் தவறினால் அப்போதுதான் சென்சாரைச் சந்தேகிக்க வேண்டும். இந்த ஒரு பாகுபாடு தெரிந்தால் பாதி பேன்கள் கழற்றாமலேயே தப்பிக்கும்.

சூட்டில் உண்மையான டெம்பரேச்சர் என்ன என்று தெரிந்தால்தானே ஒப்பிட முடியும்? அகச்சிவப்பு தெர்மாமீட்டரைப் பளபளக்கும் அலுமினியப் பேன் மீது நேராகப் பிடித்தால் எண் மிகக் குறைத்துக் காட்டும். பேனின் பக்கவாட்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அது பேனின் சூட்டுக்கு வந்த பிறகு அதன் மேல் பிடியுங்கள். அப்போதும் உள்ளே இருக்கும் ஆயிலைவிடப் பேன் சில டிகிரி குறைவாகத்தான் இருக்கும். ஸ்கேனர் பேனைவிடச் சற்று அதிகம் காட்டினால் அது இயல்பு. ஸ்கேனர் பேனைவிடக் குறைவாகக் காட்டினால் அதற்கு இயல்பான காரணம் கிடையாது. மேலே சொன்ன வரிசை ரெசிஸ்டன்ஸைத் தேடுங்கள்.

கப்ளரைக் கழற்றிச் செய்யும் சோதனை

கியர்பாக்ஸின் பெரிய கப்ளரில் சோலினாய்டுகளின் (கியர் மாற்றும் மின்காந்த வால்வுகள்) வயர்களும் சேர்ந்தே வரும். எந்தப் பின் சென்சார் சிக்னல், எது சென்சார் எர்த் என்று வயரிங் படத்தில் உறுதி செய்யாமல் எதையும் தொடாதீர்கள். பக்கத்துப் பின்னில் 12 வோல்ட் இருக்கலாம். இக்னிஷனை ஆஃப் செய்து கப்ளரைக் கழற்றி, எஞ்சின் ஓடாமல் இக்னிஷனை ஆன் செய்யுங்கள். சோலினாய்டு கோடுகள் வரிசையாக விழும், அவற்றைக் கடைசியில் அழித்துக்கொள்ளலாம்.

கப்ளர் கழன்ற நிலையில் ஸ்கேனர் -40 காட்ட வேண்டும். அப்படியில்லாமல் ஏதோ ஓர் எண்ணில் நின்றால், அது மாற்று எண் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வயரிங்கில் கசிவு என்று எழுதிவிடலாம். மேலே சொன்ன 2,000 ஓம் கசிவு வயரிங் பக்கம் இருந்தால் இப்போது 33 டிகிரி காட்டும். 10,000 ஓம் கசிவாக இருந்தால் -1 டிகிரி. சென்சாரே இல்லாதபோது டெம்பரேச்சர் காட்டும் சர்க்யூட்டுக்கு வேறு விளக்கம் கிடையாது. சிக்னல் பின்னில் 5 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எங்கோ பேட்டரி வயரோடு ஷார்ட். 0 வோல்ட் வந்தால் சிக்னல் வயர் கட், அல்லது எர்த்தோடு ஷார்ட், அல்லது மாட்யூல். அப்போது இக்னிஷனை ஆஃப் செய்து, மாட்யூல் கப்ளரையும் கழற்றி, வயரை இரு முனைகளுக்கிடையிலும் பாடிக்கும் ஓமில் பாருங்கள்.

இங்கே மல்டிமீட்டர் ஏமாற்றும் ஓர் இடம் உண்டு. கழன்ற கப்ளரில் 5 வோல்ட் தெரிகிறது, ஆகவே வயர் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யக்கூடாது. டிஜிட்டல் மீட்டர் கிட்டத்தட்ட கரண்டே இழுக்காது. ஒரே ஓர் இழை மிச்சமிருக்கும் வயரிலும், 100 ஓம் களிம்பு ஏறிய பின்னிலும் அதே 5 வோல்ட்தான் காட்டும். பீப் சோதனையும் அப்படித்தான். பல மீட்டர்கள் 30, 40 ஓம் இருந்தாலும் பீப் அடிக்கும். 40 ஓம் என்பது 100 டிகிரியில் 6, 7 டிகிரி தவறு.

எனவே சென்சாருக்குப் பதிலாக ஒரு ரெசிஸ்டரைப் போடுங்கள். கால் வாட் ரெசிஸ்டர் தாராளம், ஓடும் கரண்ட் இரண்டு மில்லியாம்பியர்தான். 180 ஓம் ஒன்று, 2,700 ஓம் ஒன்று போதும். போடும் முன் இரண்டையும் மீட்டரில் அளந்துகொள்ளுங்கள். கப்ளரின் வயரிங் பக்கத்தில் சிக்னல் பின்னுக்கும் சென்சார் எர்த் பின்னுக்கும் நடுவே 180 ஓமை மாட்டினால், மேலே சொன்ன வகை சென்சாருக்கு ஸ்கேனர் 99, 100 டிகிரி காட்ட வேண்டும். 2,700 ஓமுக்கு 26 டிகிரி. இரண்டும் சரியாக வந்தால் கப்ளரிலிருந்து மாட்யூல் வரை எல்லாமே, மாட்யூல் உட்பட, நல்லது. பழுது கியர்பாக்ஸ் பக்கம். 180க்கு 86 டிகிரி காட்டினால் வயரிங்கில் 100 ஓம் உட்கார்ந்திருக்கிறது. கியர்பாக்ஸைத் தொடாதீர்கள்.

அந்த 100 ஓம் சிக்னல் வயரிலா, எர்த்திலா? ரெசிஸ்டரை அப்படியே விட்டுவிட்டு, மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, கப்ளரின் எர்த் பின்னிலிருந்து மாட்யூலின் எர்த் பின் வரை அளங்கள். நல்ல வயரில் சில மில்லிவோல்ட்தான் வரும். 200 மில்லிவோல்ட் வந்தால் ரெசிஸ்டன்ஸ் அங்கேதான். சென்சார் எர்த் வேறு சென்சார்களோடு பகிரப்பட்டிருந்தால் அவற்றின் ரீடிங்கும் கோணலாகியிருக்கும், அதையும் ஒரு பார்வை பாருங்கள். ரெசிஸ்டரின் மறுமுனையைப் பாடி எர்த்தில் தொட்டுப் பார்ப்பது விரைவான வழி: ரீடிங் திடீரென்று சரியாகிவிட்டால் சென்சார் எர்த் வயர்தான் பழுது. ஆனால் பாடி எர்த்தையே நிரந்தரத் தீர்வாக இணைத்துவிடாதீர்கள். ஸ்டார்ட்டர், ஃபேன் ஓடும்போதெல்லாம் டெம்பரேச்சர் ஆடும்.

மாட்யூலைச் சந்தேகிக்கும் முன் இன்னொரு விஷயம். சில தயாரிப்புகளில் ஆயில் 50 டிகிரியை நெருங்கும்போது மாட்யூல் உள்ளே இன்னொரு ரெசிஸ்டரை இணைத்துக்கொள்ளும், சூட்டிலும் நுணுக்கமாகப் படிப்பதற்காக. அந்தக் கணத்தில் சிக்னல் வோல்டேஜ் திடீரென்று மேலே எகிறும். டிகிரி ரீடிங் மட்டும் ஒரே சீராகப் போகும். இது பழுது இல்லை.

கியர்பாக்ஸ் பக்கம்

கியர்பாக்ஸ் கப்ளரின் சென்சார் பின்கள் இரண்டுக்கும் நடுவே ஓமில் அளந்து, அப்போதைய ஆயில் டெம்பரேச்சரோடு அட்டவணையில் ஒப்பிடுங்கள். பிறகு ஒவ்வொரு சென்சார் பின்னுக்கும் கியர்பாக்ஸ் உடம்புக்கும் நடுவே அளங்கள். மீட்டர் எல்லையைத் தாண்ட வேண்டும், அதாவது இணைப்பே இருக்கக்கூடாது. கடைசியாக, சென்சார் பின்னுக்கும் பக்கத்துச் சோலினாய்டு பின்களுக்கும் நடுவே. இந்தக் கடைசி அளவைப் பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை. சோலினாய்டின் 12 வோல்ட் சிக்னலுக்குள் கசிந்தால் வோல்டேஜ் ஏறி, ஆயில் குளிர்ந்துவிட்டது போலத் தெரியும். கியர் மாறும்போதெல்லாம் டெம்பரேச்சர் குதித்தால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

குதிப்பு பற்றி ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. கியர்பாக்ஸில் பல லிட்டர் ஆயில் இருக்கிறது. அது ஒரு நொடியில் 10 டிகிரி ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. கிராஃபில் ரீடிங் செங்குத்தாக ஏறினாலோ இறங்கினாலோ அது ஆயில் இல்லை, லூஸ் கான்டாக்ட். ரீடிங்கைக் கிராஃபில் ஓடவிட்டு, வயரிங்கைக் கப்ளரிலிருந்து மாட்யூல் வரை கையளவு கையளவாக அசைத்துக்கொண்டே போங்கள். சைலன்சரை ஒட்டிப் போகும் இடத்திலும், கிளிப் உடைந்து தொங்கும் இடத்திலும் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள்.

கப்ளரைத் திறந்தால் உள்ளே ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். சூட்டில் ஓ-ரிங் கெட்டு, ஆயில் பின்கள் வழியாக வெளியேறி, செம்பு இழைகளுக்கு நடுவே ஊர்ந்து மாட்யூல் வரை போன வண்டிகள் உண்டு. மெர்சிடீஸ் 722.6 கியர்பாக்ஸின் 13-பின் கப்ளர் இதற்குப் பெயர் போனது. சுத்தமான ஆயில் கரண்டைக் கடத்தாது. ஆனால் அது ரப்பர் சீலை உப்பவைக்கும், உலோகத் துகளைப் பின்களுக்கு நடுவே கொண்டுவந்து படியவைக்கும். கான்டாக்ட் கிளீனரால் கழுவி, ஓ-ரிங்கையும் மாற்றினால்தான் வேலை முடியும். கழுவி மட்டும் மூடினால் மறுபடி ஊறும். பின் இறுக்கத்தைச் சோதிக்க அதே அளவுள்ள ஆண் பின்னைச் செருகி இழுத்துப் பாருங்கள். மீட்டரின் தடித்த முனையைப் பெண் பின்னுக்குள் திணித்தால் அது அகன்றுவிடும்; நீங்கள் தேடிவந்த பழுதை நீங்களே உண்டாக்கியதாகிவிடும்.

அதே 722.6இல் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அதன் சென்சார் சூட்டில் ரெசிஸ்டன்ஸ் ஏறும் பிடிசி வகை, மேலும் அது பார்க்/நியூட்ரல் ரீட் ஸ்விட்சோடு (காந்தத்தால் இயங்கும் ஸ்விட்ச்) வரிசையில் இருக்கிறது. கியர் பி அல்லது என் நிலையில் இருந்தால் ஸ்விட்ச் திறந்திருக்கும். சென்சார் அறுந்தது போலத்தான் மீட்டர் காட்டும், மாட்யூலும் அப்போது கூலன்ட் டெம்பரேச்சரைத்தான் எடுத்துக்கொள்ளும். வண்டியைப் பார்க்கில் நிறுத்திவிட்டு அளந்து நல்ல கன்டக்டர் பிளேட்டை (சென்சார்கள் பதிந்த உள் மின்தட்டு) தூக்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். லீவரை டி-க்கு மாற்றி அளங்கள்.

மாட்யூலே கியர்பாக்ஸுக்குள் இருக்கும் மெக்கட்ரானிக் வகைகளில், உதாரணமாக ஈசட்எஃப் 6எச்பி, வெளியே அளக்கச் சர்க்யூட்டே இல்லை. அங்கே காலை ஒப்பீடும் சூட்டு ஒப்பீடும்தான் துணை. ஃபோக்ஸ்வேகனின் 6-கியர் ஈரக் கிளட்ச் டிஎஸ்ஜியில் (இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ்) ஜி93, ஜி510 என்று இரண்டு சென்சார்கள் மெக்கட்ரானிக்குக்குள் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும். குளிர்ந்த வண்டியில் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அதுவே விடை.

சர்க்யூட் முழுவதும் சரி, ஆனாலும் பி0711 வருகிறது என்றால், சென்சார் உண்மையைத்தான் சொல்கிறதோ என்று யோசியுங்கள். ஆயில் குறைந்து சென்சார் காற்றில் நிற்கலாம். ஆயில் கூலர் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கி, ஆயில் நிஜமாகவே சூடாகாமல் இருக்கலாம். பேனின் டேப் ரீடிங் ஸ்கேனரோடு ஒத்துப்போனால் வயரை விட்டுவிட்டு இந்தப் பக்கம் போங்கள்.

டிப்ஸ்டிக் இல்லாத கியர்பாக்ஸில் இந்தப் பழுதுக்கு ஒரு பின்விளைவு உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஆயில் அளவை ஓவர்ஃப்ளோ பிளக் வழியாக, குறிப்பிட்ட டெம்பரேச்சரில், எஞ்சின் ஓடும்போது சரிபார்ப்பதுதான் முறை. அந்த டெம்பரேச்சரைச் சொல்வது இதே சென்சார். 40 டிகிரியில் பார்க்க வேண்டும் என்றால், 2,000 ஓம் கசிவுள்ள சர்க்யூட் 40 காட்டும்போது ஆயில் உண்மையில் 11 டிகிரியில்தான் இருக்கும். சுருங்கிக் கிடக்கும் ஆயிலை அந்த மட்டத்துக்கு நிரப்பினால், சூடேறி விரிந்ததும் அளவு மிஞ்சிவிடும். இந்த மின் கசிவு இருந்த காலத்தில் யாராவது ஆயில் மாற்றியிருந்தால், வயரிங்கைச் சரிசெய்த பிறகு அளவை மறுபடி பார்த்தே ஆக வேண்டும்.

வேலை முடிந்ததும் கோடை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டி, விளக்கு எரியவில்லை என்று வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள். பி0711 சோதனையைப் பல மாட்யூல்கள் குளிர்ந்த ஸ்டார்ட்டில் தொடங்கி, ஆயில் சூடாகும்வரை பார்த்த பிறகே முடிக்கும். சூடான வண்டியில் அந்தச் சோதனை ஓடவே ஓடாது. ஓர் இரவு நிறுத்தி, காலையில் மூன்று எண்களையும் ஒப்பிட்டு, லாக்கப் விழும்வரை ஓட்டி, பேனில் ஒட்டிய டேப்பில் கடைசியாக ஒரு முறை அளந்து எழுதிவையுங்கள்.